பூக்கட்டும், போகலாம்

எழுபத்தைந்து வயதைத் தாண்டி ஒருவன் நடமாடிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பாராட்டு விழா நடத்தாமல் விடமாட்டார்கள். எனக்கும் போன மாதம் நடத்திவிட்டார்கள். செங்கல்பட்டில் நான் முப்பது வருஷம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள், அவர்களே பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். என்னை மேடையில் உட்காரவைத்து, நான் யார் என்று இரண்டரை மணி நேரம் எனக்கே எடுத்துச் சொன்னார்கள். இயற்கை விஞ்ஞானத்தைக் கரைத்துக் குடித்தவர் என்றார் ஒருவர். செடி கொடிகளின் மனசு தெரிந்தவர் என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆள் என் வகுப்பில் மூன்று வருஷமும் தூங்கியவர். அதனால் அவரை மன்னித்துவிட்டேன்.

கடைசியில் சால்வையைப் போர்த்திக் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்தார்கள். பளபளக்கும் காகிதத்துக்குள் ஏதேதோ பூக்கள். நடுவில் ஒரு தண்டின் நுனியில், சின்னச் சின்ன நீலப் பூக்கள் கூடி ஒரு பந்தாக நின்றன. செண்டைக் கொடுத்த இளைஞர், “பெங்களூர்லேருந்து காலையிலதான் வந்துச்சு சார். அகபாந்தஸ்னு பேரு. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். அந்தச் செடியோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். என் வீட்டில் அது ஒரு பூக்கூடப் பூத்ததில்லை என்பதை மேடையில் சொல்லவில்லை. பாராட்டு விழாவில் உண்மை பேசுவது மரியாதைக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாரதா செண்டைப் பிரித்தாள். நீலப் பூவை மட்டும் எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தினாள். “தண்டை ரொம்பக் குட்டையா வெட்டிட்டா” என்றாள். அவ்வளவுதான், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் சால்வையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பூவைப் பார்க்கப் பார்க்க எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பூவில் ஏது மண்ணெண்ணெய் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

சாரதா குன்னூர்க்காரி. அவள் அப்பா அங்கே ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்து, அப்பா கையால் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், சாக்பீஸ் தூள் இன்னும் படியாத புது வாத்தியாராக இருந்த எனக்கு அவளை ஒரு வைகாசி மாதத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த பெண்ணைச் செங்கல்பட்டு வெயிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “சாயங்காலமானா மகாபலிபுரத்துக் கடல் காத்து வரும் பாரு” என்று ஆறுதல் சொன்னேன். கடல் பதினெட்டு மைலுக்கு அப்பால் இருந்தது. அந்தக் காற்று வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, சாமி தரிசனம் செய்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும் என்பதை அவள் போகப்போகத் தெரிந்துகொண்டாள்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்பும் வழக்கப்படி அவளை அனுப்பினோம். ஆவணியில் அவள் அப்பாவே கொண்டுவந்து விட்டார். ஒல்லியான மனிதர். இழுப்பு நோய் உண்டு, இரண்டு வாக்கியம் பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். அத்தனை தூரம் ரயிலில் வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவள் புகுந்த வீட்டில் தகப்பன் சாப்பிடுவதில்லை என்பது அவர் பக்கத்து வழக்கம். “ஒரு பேரனோ பேத்தியோ வரட்டும், அப்புறம் கை நனைக்கறேன் மாப்பிள்ளை” என்றார். ஒரு மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மகள் கையில் கொடுத்தார். “உலர்ந்தா உசிர் போயிடும். உடனே விதைச்சுடு” என்றார்.

கவரில் இருந்தவை அகபாந்தஸ் விதைகள். எண்ணினேன், இருபத்து மூன்று. கறுப்பாக, காகிதம் போல மெலிதாக, ஒரு பக்கம் சிறகு வைத்திருந்தன. அவர்கள் வீட்டு வேலியோரம் பூத்துக் காய்த்தவை.

அப்பா போன பிறகும் சாரதா வாசற்படியை விட்டு நகரவில்லை. தெரு முனையில் யாரும் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு மனசு இளகிவிட்டது. புது மாப்பிள்ளை இளகினால் பெரிய பெரிய வாக்குறுதிகளாகத்தான் கொட்டும். “கவலைப்படாதே. இதை விதைப்போம். பூக்கட்டும். முதல் பூவைப் பறிச்சுண்டு நாம ரெண்டு பேருமாப் போய் உங்கப்பா கையில குடுக்கலாம்” என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். “பூத்தப்புறமா?” என்றாள்.

“ஆமாம், பூத்தப்புறம்” என்றேன், வள்ளல் மாதிரி.

என் கணக்கு இதுதான்: ஆவணியில் விதைத்தால் கார்த்திகையில் பூ, அரைப் பரீட்சை லீவில் குன்னூர். நான் இயற்கை விஞ்ஞான வாத்தியார் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த விஞ்ஞானம் முழுவதும் ஈரப் பஞ்சில் வைத்த அவரை விதையில் அடங்கியிருந்தது. வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் அதை முளைக்கவைத்துக் காட்டுவேன். மூன்றாம் நாள் முளைக்கும், பையன்கள் கை தட்டுவார்கள். உலகத்திலுள்ள எல்லா விதைகளும் என் பாடத்திட்டப்படி நடக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு மண்ணெண்ணெய் டின்னை இரண்டாக வெட்டி, அடியில் ஆணியால் துளை போட்டு விதைத்தோம். எத்தனை தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகவில்லை. மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஐந்தாம் நாளும் கிளறினேன். “அது பாட்டுக்கு வரும், விட்டுடுங்கோளேன்” என்றாள் சாரதா. ஒரு மாதம் கழித்து, நான் கிளறாத மூலைகளில் மட்டும் பதினான்கு முளைகள் வந்தன. எழுந்து நின்ற ஊசிகள் மாதிரி, பச்சையாக, மெல்லியதாக இருந்தன.

அவற்றை முதலில் முழுசாகப் பார்த்தது என் அம்மா. விடியற்காலையில் கிணற்றடியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

“டேய், கொல்லையிலே வெங்காயம் போட்டிருக்கியாடா? துளசி மாடத்துக்குப் பக்கத்திலேயா?”

எங்கள் வீட்டில் வெங்காயம் நுழைந்ததில்லை. அப்பா திருக்கழுக்குன்றத்துக் கோயில் கைங்கரியத்தில் காலம் கழித்தவர். அவர் போன பிறகும் அம்மா அந்த ஆசாரத்தைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. இது வெங்காயம் இல்லை, பூச்செடி என்று நான் ஒருவித்திலைத் தாவரங்களைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். சாரதா ஒரு தாளைக் கிள்ளிக்கொண்டு வந்து, “மோந்து பாருங்கோம்மா, வெங்காய வாசனையே இல்லை” என்று நீட்டினாள். அம்மா இரண்டடி பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மோந்து பார்த்தா பாதி சாப்பிட்ட மாதிரி. சாஸ்திரம் தெரியாதா உனக்கு? வெங்காயமா இருந்துட்டா அந்தப் பாவத்தை யார் கழிக்கறது?”

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வெங்காயம் இல்லை என்று நிரூபிக்க மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டுமானால் வெங்காயம் இல்லை என்று முதலில் தெரிய வேண்டும். ஆக, எங்கள் வீட்டுச் சட்டப்படி அகபாந்தஸ் கடைசிவரை வெங்காயமாகவே இருந்தது. டின்கள் இரண்டும் கொல்லைக் கோடியில், குப்பைக் குழிக்கு அந்தப் பக்கம் தள்ளிவைக்கப்பட்டன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு சாரதா சமையலறைக்குள் வரக்கூடாது. கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படியே செய்தாள், தினமும் இரண்டு வேளை.

கார்த்திகை வந்தது. செடி நான்கு விரல் உயரம் இருந்தது. அரைப் பரீட்சை லீவும் வந்து போயிற்று. மண் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். வேருக்கு நீர் தேங்காத மணல் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். தை மாதத்தில் பையன்களை மகாபலிபுரத்துக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனபோது, சாரதாவையும் அழைத்துக்கொண்டு, ஒரு காலிச் சாக்கையும் எடுத்துக்கொண்டேன். பையன்கள் கல் யானைமேல் ஏறி விளையாடினார்கள். நான் அலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கில் மணலை அள்ளினேன். கடல் மணலில் உப்பு இருக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். நான் எட்டாம் வகுப்புக்கு மேலேதான் எடுத்தேன்.

சாரதா அன்றுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாள். “அப்பா கடலே பார்த்ததில்லை” என்றாள். “பூத்தப்புறம் போய்க் கூட்டிண்டு வந்துடலாம்” என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த மணலை ஏழெட்டுத் தடவை கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். அதற்குள் நான் ஒரு டின்னில் அலசாத மணலைக் கொட்டியிருந்தேன். அந்த டின்னில் இருந்தவை ஒரு வாரத்தில் கருகிப்போயின. மிஞ்சியவை ஆறு.

இப்படியே வருஷங்கள் ஓடின. கோடை விடுமுறை என்று ஒன்று வராமலில்லை. அந்த இரண்டு மாதமும் நான் மிகவும் களைத்திருப்பேன். ஒரு வருஷம் சித்திரைத் திருவிழா, ஒரு வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு வருஷம் விடைத்தாள் திருத்தும் வேலை. “பொம்மனாட்டி இல்லாத வீட்டுக்கு அவளைத் தனியா எப்படி அனுப்பறது?” என்பாள் அம்மா. நான் அவ்வளவு கடுமையானவன் இல்லை. “இந்த வருஷம் நிச்சயம் பூத்துடும், நீ போயிட்டா தண்ணி யார் ஊத்தறது?” என்று அன்பாகச் சொல்வேன். என் அம்மா சொன்னதைவிட நான் சொன்னதுதான் அவளைக் கட்டிப்போட்டது என்று இப்போது தெரிகிறது. குழந்தையும் அதுவரை பிறக்கவில்லை. அதனால் என் மாமனார் வந்து கை நனைக்கவும் வழியில்லை.

மாமனார் பதினைந்து நாளைக்கு ஒரு கார்டு போடுவார். முத்து முத்தான எழுத்து. முதல் வரியே, ‘செடி எப்படி இருக்கிறது?’ என்றிருக்கும். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்பது நான்காவது வரியில்தான் வரும். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். “உங்கப்பாவுக்கு என்னைவிடச் செடிதான் ஒசத்தி” என்று கேலி செய்வேன். அவள் கார்டை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

ஐந்தாவது கோடை. ஆறு செடிகளும் தொட்டிக்கு மாறி, பட்டையான இலைகளோடு தடித்து நின்றன. இலை நுனிகள் மட்டும் வெயிலில் தீய்ந்திருந்தன. எனக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. குன்னூர்ச் செடி, குளிரில் பிறந்தது. பூக்க வேண்டுமானால் குளிர் வேண்டும். குளிரை வரவழைத்தால் போயிற்று.

செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே காதர் பாய் என்று ஒருவர் சோடாக் கடை வைத்திருந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். மெட்ராஸிலிருந்து காலை ரயிலில், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளங்கள் அவருக்கு வரும். ஈர மரத்தூளின் வாசனை ஸ்டேஷன் வாசல்வரை அடிக்கும். ஒரு பெரிய துண்டு வேண்டும் என்று போய் நின்றேன்.

“இன்னா வாத்தியாரே, வூட்ல எதுனா விசேஷமா? சர்பத் போடப் போறீங்களா?”

“இல்லை பாய், செடிக்கு.”

“செடிக்கா? ஐஸா?”

“குன்னூர்ச் செடி பாய். குளிர்ல வளர்ந்தது. இந்த வெயிலைத் தாங்க மாட்டேங்கறது.”

பாய் ஐஸ் உடைக்கும் கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் வாத்தியாரே, வூட்டம்மாவும் குன்னூருதான? அவுங்க இந்த வெயில்ல அஞ்சு வருசமா வெந்துகினு கீறாங்களே, அவுங்களுக்கு இன்னா வாங்கினு போறீங்க?”

நான் சிரித்தேன். பாய் நன்றாகத் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஐஸைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கொல்லையில் அதை உடைத்து வேரைச் சுற்றிச் சுற்றி வைத்தேன். சாரதா பக்கத்தில் நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே விழுந்த ஒரு சின்னத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். “அதை ஏன் வீணாக்கறே? இப்படிக் குடு, வேர்ல வைக்கலாம்” என்று கேட்டு வாங்கி வைத்தேன். இந்த வரியை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடையில் எவனாவது இதைச் சொல்லி என்னைப் பாராட்டியிருக்கலாம்.

பத்து நாள் இப்படி ஐஸ் வைத்தேன். அப்போதுதான் ஒரு கார்டு வந்தது. முத்து எழுத்து இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் யாரோ எழுதியிருந்தார். இழுப்பு அதிகமாகிப் படுத்திருக்கிறாராம். பயப்படும்படி இல்லையாம். சாரதா அதை நாலு தடவை படித்தாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அன்று வாய் விட்டுக் கேட்டாள்.

“நான் மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா?”

அதே நாள் காலையில்தான் ஒரு செடியின் நடுவில் தடிப்பாக ஒன்று எழும்பியிருப்பதைப் பார்த்திருந்தேன். கூராக, வெளிர்ப்பச்சையாக, உறை மூடி இருந்தது. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். “மொட்டு! மொட்டு விட்டுடுத்து பார்! பத்து நாள்ல பூத்துடும். வெறுங்கையோட போவானேன்? பூவோட சேர்ந்தே போகலாம், உங்கப்பாவுக்கு அதைப் பார்த்தாலே பாதி நோய் போயிடும்” என்றேன்.

சாரதா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “குருத்து மாதிரின்னா இருக்கு” என்றாள்.

“மொட்டு எது, குருத்து எதுன்னு எனக்குத் தெரியாதா?”

எட்டாம் நாள் உறை பிரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு இலைகள் வந்தன. அதற்கு மறுநாள் தந்தி வந்தது.

என் அம்மா தந்தியைக் கேட்டுவிட்டு, “முன்னாடியே ஒரு தடவை அனுப்பியிருக்கலாமேடா” என்றாள். எல்லோருக்கும் அன்றைக்குத்தான் அறிவு வந்தது. மேட்டுப்பாளையம்வரை ஒரு ரயில், அங்கிருந்து மலை ரயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வழி முழுக்க அவள் அழவில்லை. நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன்.

குன்னூரில் அது பூக்கும் காலம். எஸ்டேட் குவார்ட்டர்ஸின் வேலியோரம் முழுக்க இடுப்புயரத் தண்டுகளில் நீலமாகப் பூத்துக் கிடந்தது. யாரும் ஐஸ் வைத்ததாகத் தெரியவில்லை. காரியங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவளும் நானும் அந்த வேலியோரம் நின்றோம். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“இது இங்கே எத்தனை வருஷத்துல பூத்தது?”

“நான் நாலாங்கிளாஸ் படிக்கறச்சே அப்பா விதைச்சார். ஃபோர்த் பாரம் போனப்புறம்தான் முதல் பூ. அஞ்சு வருஷம் இருக்கும்.”

“அப்போ உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியுமே.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“நீங்க ஸயன்ஸ் வாத்தியார். தெரிஞ்சுண்டுதான் சொல்றேள்னு நெனைச்சேன். அஞ்சு வருஷம் அனுப்ப மாட்டேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லாம, நல்ல வார்த்தையாச் சொல்றேள்னு நெனைச்சுண்டேன். அப்பாவுக்கும் அப்படியே எழுதினேன், பூத்தப்புறம் வரோம்னு.”

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஐந்து வருஷமாக அந்தக் கிழவர் மனுஷனைவிடச் செடியை ஏன் விசாரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

பதிமூன்றாம் நாள் முடிவதற்குள் எஸ்டேட்டுக்குப் புது ஹெட் கிளார்க் வந்துவிட்டார். குவார்ட்டர்ஸ் அவருக்குச் சேர வேண்டியது. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகள் வராந்தாவில் வந்து இறங்க, நாங்கள் இந்தப் பக்கமாக இறங்கினோம். அந்த அம்மாள் நல்லவள், “எப்ப வேணா வாம்மா, உன் வீடு மாதிரி நெனைச்சுக்கோ” என்றாள். சாரதா சரி என்று தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

பிறகு எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தலைப்பிரசவம் பிறந்தகத்தில் நடக்க வேண்டும் என்பார்கள், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அம்மா போய்விட்டாள். பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள், மரத்தூள் ஐஸைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அந்த எஸ்டேட்டையே விற்றுக் கூறு போட்டு ஹோட்டல் கட்டிவிட்டதாகக் கேள்வி. என் பெண்கள் இருவரும் நினைத்த நாளில் கிளம்பி இங்கே வருகிறார்கள். யாரையும் கேட்பதில்லை, போன்கூடச் செய்வதில்லை. கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறார்கள்.

அந்தக் குன்னூர்ப் பயணத்துக்குப் பிறகு நான் மிகவும் தாராளமானவனாகிவிட்டேன். சாரதா ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று சாயங்கால ரயிலுக்கே அனுப்பியிருப்பேன். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போவதற்குத்தான் அவளுக்கு ஊர் இல்லை.